வண்டி நம்முடையது; தவறு நண்பருடையது



தோட்டப்புறத்தில் ஒருவர் கார் வாங்கினால், அது அவர் குடும்பத்துக்கு மட்டும் உரிய காராக இருப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நடுச்சாமத்தில் காய்ச்சல் கண்டால், ஆஸ்பத்திரிக்கு ஓடுவது அந்தக் கார்தான். கலியாண வீட்டுக்கு வாழை இலையும் காய்கறியும் ஏற்றி வருவதும், தைப்பூசத்தன்று பத்துமலைக்கு ஆட்களைக் கொண்டு போய்ச் சேர்ப்பதும் அதுவே. "மச்சான், சாவியைக் கொடு, பட்டணம் வரை போய் வந்துவிடுகிறேன்" என்று கூட்டாளி வந்து நின்றால், இல்லை என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. இது நம் மக்களிடம் உள்ள நல்ல குணம். அதைக் குறை கூறுவதற்காக நாம் இன்று பேச வரவில்லை.

ஆனால், சில வாரங்கள் கழித்து ஒரு கடிதம் வருகிறது. இன்ன தேதியில், இன்ன நேரத்தில், இன்ன சாலையில் உங்கள் கார் சிவப்பு விளக்கைத் தாண்டிச் சென்றது என்று அதில் எழுதியிருக்கிறது. கார்க்காரர் திகைத்துப் போகிறார். அந்த நேரத்தில் அவர் செம்பனைக் காட்டில் குலை தள்ளிக்கொண்டிருந்தார். காரை ஓட்டியவர் நண்பர். கடிதமோ கார்க்காரர் பெயருக்கு வந்திருக்கிறது. இப்போது அவர் என்ன செய்ய வேண்டும்? இதைத்தான் இன்றைய உரையில் நாம் விளக்கப் போகிறோம்.

முதலில், கடிதம் ஏன் நம்மைத் தேடி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். சாலையில் போலீஸ்காரர் வண்டியை நிறுத்திச் சம்மன் எழுதினால், ஓட்டியவரின் அடையாளக் கார்டையும் ஓட்டுநர் உரிமத்தையும் பார்த்து, அவர் பெயரிலேயே எழுதுவார். அந்தச் சம்மன் ஓட்டியவரைச் சேர்ந்தது. ஆனால் 2012-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுச் சாலைகளில் தானியங்கிக் கேமராக்கள் பொருத்தப்பட்டுள்ளன. கேமரா காரின் எண்ணைத்தான் படிக்கிறது. ஓட்டியவரின் பெயர் அதற்குத் தெரியாது. அந்த எண் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவேட்டில் பார்க்கிறார்கள். அதில் இருப்பது நம் பெயர். ஆகவே கடிதமும் நம் பெயருக்கு வருகிறது.

போலீசார் அனுப்பும் இத்தகைய கடிதத்துக்குப் போல் 170ஏ என்று பெயர். ஓட்டியவர் கையில் கொடுக்கப்படும் சம்மனோ போல் 257. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 170ஏ என்பது "நீர்தான் குற்றவாளி" என்று தீர்ப்புக் கூறும் ஓலை அன்று. "உம் வண்டியை அப்போது ஓட்டியவர் யார்? தெரிவியும்" என்று உரிமையாளரைக் கேட்கும் கடிதம் அது. இந்த வேறுபாடு தெரியாததால்தான் பலர், கடிதத்தைக் கண்டவுடன் குற்றம் தம் தலையில் விழுந்துவிட்டது என்று கலங்குகிறார்கள். வேறு சிலர், "நான் ஓட்டவில்லையே, எனக்கென்ன" என்று அதை அலமாரிக்குள் போட்டுவிடுகிறார்கள். இரண்டுமே தவறு.

சட்டம் என்ன சொல்கிறது? 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு உரிமையாளருக்கு ஒரு கடமையை விதிக்கிறது. போலீஸ் அதிகாரியோ சாலைப் போக்குவரத்து இலாகா அதிகாரியோ கேட்டால், அந்த நேரத்தில் வண்டியை ஓட்டியவர் யார், அவர் முகவரி என்ன, அவரிடம் இருந்த உரிமம் என்ன என்பதைத் தெரிவிக்க வேண்டும். கேட்ட நாளிலிருந்து 7 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் அதுவே ஒரு தனிக் குற்றம் ஆகிவிடும். விளக்கைத் தாண்டிய குற்றம் நண்பருடையது. பதில் சொல்லாத குற்றம் நம்முடையது. ஓட்டியவர் யாரென்று உண்மையிலேயே தெரியாது, தக்க முறையில் விசாரித்தும் அறிய முடியவில்லை என்று நீதிமன்றத்தில் நிரூபித்தால்தான் தப்பலாம். "யாரோ எடுத்துப் போனார்கள், ஞாபகம் இல்லை" என்று சும்மா சொன்னால் போதாது.

ஆகவே, கடிதம் கைக்கு வந்தவுடன் செய்ய வேண்டியவை இவை. தேதி, நேரம், இடம், வண்டி எண் ஆகிய நான்கையும் நிதானமாகப் படியுங்கள். நமக்கு மலாய் சரியாகப் புரியாவிட்டால், பள்ளியில் படிக்கும் மகளையோ மகனையோ வாசிக்கச் சொல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வண்டி எண் நம்முடையதுதானா என்று பாருங்கள். அன்று வண்டி யாரிடம் இருந்தது என்று வீட்டில் கேளுங்கள். பிறகு அன்றைக்கே நண்பரைப் போய்ப் பாருங்கள்.

நண்பரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். "தம்பி, அன்றைக்கு நீ எடுத்துப் போனபோது இப்படி ஆகியிருக்கிறது. கடிதம் என் பேருக்கு வந்திருக்கிறது. ஏழு நாளைக்குள் ஓட்டியவர் பெயரைக் கொடுக்க வேண்டும். இருவரும் சேர்ந்தே போவோம்" என்று சொல்லலாம். நல்ல நண்பராக இருந்தால், "சரி அண்ணே, நானே வந்து ஒப்புக்கொள்கிறேன்" என்பார். அவருடைய முழுப்பெயர், அடையாளக் கார்டு எண், முகவரி, உரிம விவரம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். கடிதத்தோடு அந்த விவரங்களை எழுதும் பாரம் இருந்தால் அதை நிரப்புங்கள். இல்லையென்றால் கடிதத்தில் குறித்துள்ள அலுவலகத்துக்கோ போக்குவரத்துப் போலீஸ் பிரிவுக்கோ நேரில் செல்லுங்கள். கொடுக்கும் தாளுக்கு ஒரு நகல் எடுத்து, கொடுத்த தேதியையும் பெற்றுக்கொண்டவர் பெயரையும் அதில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கேள்வி வந்தால் நம்மைக் காப்பது அந்த நகல்தான்.

நண்பர், "நான் ஓட்டவே இல்லை" என்று கையை விரித்தால்? அப்போதும் நம் கடமை மாறாது. நமக்குத் தெரிந்த உண்மையை எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். சாவி கேட்டு அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, சாவி கொடுத்ததைப் பார்த்தவர்கள், அன்று நாம் வேலையில் இருந்ததைக் காட்டும் பதிவு ஆகிய யாவும் பயன்படும்.

இனி, மக்கள் வழக்கமாகச் செல்லும் மூன்று தவறான வழிகளைச் சொல்கிறோம்.

முதல் வழி, கடிதத்தை மறைத்து வைப்பது. மறைத்தாலும் கணக்கு மறையாது. தீராத சம்மனுக்காக வண்டியின் பெயர் கறுப்புப் பட்டியலில் சேர்ந்தால், சாலை வரியைப் புதுப்பிக்கப் போகும் நாளில் தடை வந்து நிற்கும். சாலை வரி இல்லாத காரை வெளியே எடுக்க முடியாது. பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டு விடுவதும், அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போவதும் அத்தோடு நின்றுவிடும்.

இரண்டாம் வழி, நட்பின் பேரால் நாமே சத்தமில்லாமல் பணத்தைக் கட்டிவிடுவது. "வழக்கமாக முந்நூறு வெள்ளிக்குள்தானே, போகட்டும், சிநேகிதத்தைவிடப் பணம் பெரிதா?" என்று சிலர் நினைக்கிறார்கள். பணத்தோடு முடிந்தால் பரவாயில்லை. சில குற்றங்களுக்கு உரிமத்தில் குற்றப் புள்ளிகளும் ஏறுகின்றன. இப்போதுள்ள புள்ளி முறை 2017 ஏப்ரல் 15 முதல் நடப்பில் உள்ளது. சிவப்பு விளக்கை மீறினால் 4 புள்ளிகள். நாம் ஓட்டியதாக ஒப்புக்கொண்டு கட்டினால் அந்தப் புள்ளிகள் நம் உரிமத்தில்தான் ஏறும். புள்ளிகள் கூடக் கூட முதலில் எச்சரிக்கை வரும். அதற்கு மேலும் கூடினால் உரிமம் நிறுத்தி வைக்கப்படும். புதிதாக உரிமம் எடுத்து 'பி' ஒட்டி ஓட்டும் இளைஞருக்கு 20 புள்ளிகள் சேர்ந்தாலே உரிமம் இரத்தாகிவிடும். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் லாரி ஓட்டியும், வேன் ஓட்டியும், பொருள் விநியோகம் செய்தும் பிழைக்கிறார்கள்! அவர்களுக்கு உரிமம் என்பது சோறு போடும் கை. கூட்டாளியின் அவசரத்துக்காக அந்தக் கையை இழக்கலாமா?

மூன்றாம் வழி மிகவும் ஆபத்தானது. "என்னிடம் ஏற்கெனவே நிறையப் புள்ளி இருக்கிறது, வயதான மாமா பெயரைக் கொடுத்துவிடு, அவர் வண்டி ஓட்டுவதே இல்லை" என்று நண்பர் யோசனை சொல்வார். ஓட்டாதவரை ஓட்டியவர் என்று எழுதிக் கொடுப்பது பொய்த் தகவல்; சட்டப்படி அது குற்றம். போக்குவரத்துக் குற்றம் ஒன்றாக இருந்தது, பொய் சொன்ன குற்றமும் சேர்ந்து இரண்டாகிவிடும். அதில் நாமும் நண்பரும் மாமாவும் மாட்டிக்கொள்வோம்.

கடிதம் வந்து சேருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டங்கள் பல விற்கப்பட்டு, வீடமைப்பு இடங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயத்து வீட்டைவிட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபோன குடும்பங்கள் ஏராளம். வீடு மாறினோம், ஆனால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் முகவரியை மாற்றினோமா? மாற்றாவிட்டால், கடிதம் ஆளில்லாத பழைய லயத்துக்குப் போய்ச் சேரும். ஆகவே முகவரியைப் புதுப்பித்து வையுங்கள். மைபாயார் என்னும் போலீஸ் செயலியிலும் மைஜேபிஜே செயலியிலும் சம்மன் இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கச் சொல்லி வீட்டுப் பிள்ளைகளிடம் கூறுங்கள். பழைய மோட்டார் சைக்கிளை வாய்ப்பேச்சில் விற்றுவிட்டு, பெயர் மாற்றாமல் விடுவதும் இதே வம்புதான். வாங்கியவர் செய்யும் குற்றத்துக்கெல்லாம் கடிதம் விற்றவர் வீட்டுக்கே வரும்.

நேயர்களே, இதுவரை நண்பர் செய்த தவறைப் பற்றிப் பேசினோம். இனி, சாவியைக் கொடுத்ததே நம் குற்றமாக மாறும் இடங்களைக் கவனியுங்கள்.

உரிமம் இல்லாதவரை ஓட்ட அனுமதிப்பதைச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு தடுக்கிறது. ஓட்டியவர் மட்டும் அல்லர், ஓட்டவிட்டவரும் குற்றவாளியே. சிறைத் தண்டனைக்கும் அதில் இடமுண்டு. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. "அவனிடம் லைசென்ஸ் இருக்கிறது" என்பது போதாது. எந்த வகை லைசென்ஸ் என்று பார்க்க வேண்டும். தோட்டத்து இளைஞர் பலரிடம் இருப்பது மோட்டார் சைக்கிளுக்கான 'பி2' மட்டுமே. கார் ஓட்ட 'டி' வகை வேண்டும். 'டிஏ' என்றிருந்தால் தானியங்கிக் கியர் உள்ள காரைத்தான் ஓட்டலாம். அடுத்து, உரிமம் காலாவதி ஆகிவிட்டதா என்று பாருங்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் புதுப்பிக்காமல் கிடந்தால், மீண்டும் தேர்வு எழுதித்தான் உரிமம் பெற முடியும். வயதும் உண்டு. 16 வயது நிரம்பாதவர் மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது. 17 நிரம்பாதவர் கார் ஓட்டக்கூடாது. "தோட்டத்துச் செம்மண் சாலைதானே, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று பிள்ளைகளிடம் சாவியைக் கொடுக்கும் பெற்றோர் இதைக் காதில் வாங்க வேண்டும். பொதுமக்கள் போய்வரும் பாதை என்றால் சட்டம் அங்கேயும் வரும். மரமும் கால்வாயுமோ சட்டம் பார்த்து ஒதுங்குவதில்லை.

காப்புறுதி இல்லாத வண்டியை ஓட்டக் கொடுப்பதும் 90-ஆவது பிரிவின்படி குற்றம். 1,000 வெள்ளி வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 2023 பிப்ரவரி முதல் தனியார் கார்களின் கண்ணாடியில் சாலை வரி வில்லையை ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. வில்லை இல்லாததால் முடியும் நாள் கண்ணில் படுவதும் இல்லை. ஆகவே காப்புறுதியும் சாலை வரியும் முடியும் தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

இப்போது விபத்தைப் பற்றிப் பார்ப்போம். நண்பர் காரை எடுத்துப் போய் ஒருவரை இடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வண்டியை நிறுத்த வேண்டும். அடிபட்டவருக்கு உதவ வேண்டும். கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், போலீசில் புகார் செய்ய வேண்டும். நண்பர் பயந்துபோய், காரைக் கொண்டுவந்து வீட்டுப் பின்புறம் நிறுத்திவிட்டு, "யாரிடமும் சொல்லாதே மச்சான்" என்றால், அவர் பேச்சைக் கேட்காதீர்கள். சாலையோரத்தில் ஒரு மனிதர் கிடக்கிறார். அவரும் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகிறவர். முதலில் ஆம்புலன்சுக்கு 999 அழையுங்கள். பிறகு நண்பரை நீங்களே போலீஸ் நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அவரைக் காப்பாற்ற அதைவிட நல்ல வழி இல்லை.

காப்புறுதி நிறுவனத்துக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். நம் அனுமதியோடு, செல்லுபடியாகும் உரிமம் வைத்திருப்பவர் ஓட்டினால், பொதுவாகக் காப்புறுதி பொருந்தும். ஆனால் நண்பரின் பெயர் காப்புறுதிப் பத்திரத்தில் குறிக்கப்படாதிருந்தால், முழுக் காப்புறுதி உள்ள காருக்கு முதல் 400 வெள்ளியை நாமே ஏற்க வேண்டி வரும். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் சந்தாக் கழிவும் போய்விடும். தனியார் காருக்கு இந்தக் கழிவு முதலாண்டில் 25 விழுக்காட்டில் தொடங்கி, ஐந்து ஆண்டுகளில் 55 விழுக்காடு வரை உயரும். ஐந்து ஆண்டு கட்டிக்காத்தது ஒரே நாளில் சுழியத்துக்கு இறங்கும். உரிமம் இல்லாதவர் ஓட்டியிருந்தாலோ, நிலைமை இன்னும் மோசம். காப்புறுதி நிறுவனம் பொறுப்பை மறுக்கவும், அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தை நம்மிடம் திருப்பிக் கேட்கவும் வழி ஏற்படும்.

"அடிபட்டவர் என் மேல் நட்ட ஈட்டு வழக்குப் போடுவாரா?" என்று கேட்கலாம். இதில் 1972-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வழங்கிய ஒரு தீர்ப்பு புகழ்பெற்றது. கார் மனைவியின் பெயரில் இருந்தது. குடித்தால் தாம் ஓட்டாமல் ஒரு நண்பரை ஓட்டச் சொல்வதாகக் கணவர் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஓர் இரவு அவ்வாறே நண்பர் ஓட்டினார். விபத்தில் கணவரும் நண்பரும் மாண்டனர். உடன் வந்தவர்கள் காயமடைந்து மனைவி மீது வழக்குத் தொடர்ந்தனர். கார் தம்முடையது, எடுத்துச் செல்ல அனுமதித்தார் என்ற காரணத்தால் மட்டும் உரிமையாளர் பொறுப்பாளி ஆகமாட்டார் என்று சபை கூறியது. ஓட்டியவர் உரிமையாளருக்காக, அவர் வேலையாக ஓட்டியிருந்தால்தான் பொறுப்பு அவரைச் சேரும். நம் நாட்டு நீதிமன்றங்களிலும் இந்தத் தீர்ப்பு எடுத்துக் காட்டப்படுகிறது. ஆகவே, நண்பர் தம் சொந்த வேலைக்குக் காரை இரவல் வாங்குவது வேறு. "என் காரை எடுத்துப் போய் என் தங்கையை ஸ்டேசனிலிருந்து கூட்டி வா" என்று நாம் அனுப்புவது வேறு. இரண்டாவதில் நம் பொறுப்பு கனமானது.

அப்படியானால், இனி யாருக்கும் காரே கொடுக்கக்கூடாதா? நாம் அப்படிச் சொல்லவில்லை. சாவியைக் கொடுக்குமுன் ஒரு நிமிடம் செலவிடுங்கள் என்கிறோம். "லைசென்சைக் காட்டு தம்பி" என்று கேளுங்கள். கைப்பேசியில் அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்று கேளுங்கள். சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தைத் தொங்கவிட்டு, தேதி, புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். அண்ணன், தம்பி, மருமகன் என்று மூவர் ஓட்டும் காராக இருந்தால் இந்த நோட்டு கட்டாயம் வேண்டும். குடித்திருப்பவருக்கு மட்டும், அவர் யாராக இருந்தாலும், எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள். அவசரம் என்றால் நாமே ஓட்டிச் செல்லலாம். அல்லது வேறு ஆளை அனுப்பலாம்.

இரவல் வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். கார் கொடுத்தவர் நம்மை நம்பிக் கொடுத்திருக்கிறார். தவறு நேர்ந்தால், அவர் வீட்டுக்குக் கடிதம் வரும்வரை காத்திராமல், நாமே போய்ச் சொல்லிவிட வேண்டும். ஓட்டியவர் என்று நம் பெயரைக் கொடுத்ததற்காக அவரைக் காட்டிக்கொடுத்தவர் என்று ஏசுவது நியாயம் ஆகாது. அவர் சட்டம் கேட்டதைச் சொன்னார். அபராதத்தைக் கட்டுவதும் நீதிமன்றத்தில் நிற்பதும் நம் பங்கு. அபராதத் தொகையும் கழிவும் அவ்வப்போது மாறுவதால், கடிதத்தில் போட்டிருப்பதையே நம்புங்கள். "பாதிக்குப் பாதி முடித்துத் தருகிறேன்" என்று வரும் இடைத்தரகர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். குற்றம் நடக்கவே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், பணம் கட்டாமல் நீதிமன்றத்தில் மறுத்து வாதாடவும் உரிமை உண்டு. நீதிமன்றத்துக்கு அழைப்பு வந்தால் மட்டும் தவறாமல் போக வேண்டும். வராதவருக்குக் கைதாணை பிறப்பிக்கப்படலாம்.

விவரம் புரியாவிட்டால், அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவிலும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களிலும் ஆலோசனை கேட்கலாம். கடிதத்தையும், அது வந்த உறையையும், வண்டியின் பதிவுப் பத்திரத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கார் இரவல் கொடுக்கலாம். ஆனால் பதிவேட்டில் இருக்கும் பெயரை இரவல் கொடுக்க முடியாது. கடிதம் வந்தால் ஏழு நாட்களுக்குள், எழுத்தில், உண்மையைச் சொல்லிவிடுங்கள். உண்மையைத் தாங்கிக்கொள்ளும் நட்பு அதனால் கெட்டுவிடாது.